நிலவுக்கு அயனி எஞ்சினா, வேதி எஞ்சினா?

நிலவுக்குக் கலம் அனுப்ப எந்த எஞ்சின் நல்லது என்பது ஒரு விவாதம். ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1, இந்தியாவின் சந்திரயான்-1 என்ற இரண்டு விண்கலங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அது பாதி தெளிந்துவிடும். இரண்டுமே பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் இறக்கிவிடப்பட்டு, அங்கிருந்து சொந்த எஞ்சினில் நிலவுக்குப் போனவை. சந்திரயான்-1 வேதி எரிபொருளை எரித்துப் போனது. ஸ்மார்ட்-1 செனான் வாயுவின் அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) மின்சாரத்தால் வெளியே தள்ளித் தள்ளிப் போனது.

2008 அக்டோபர் 22 அன்று கிளம்பிய சந்திரயான்-1 நவம்பர் 8 அன்றே நிலவின் சுற்றுப்பாதையைப் பிடித்தது. கிளம்பியபோது எடை 1,380 கிலோ. நிலவைச் சுற்றத் தொடங்கியபோது சுமார் 675 கிலோ. பாதிக்கு மேல் வழியிலேயே எரிந்து போய்விட்டது. ஸ்மார்ட்-1 கிளம்பியது 2003 செப்டம்பர் 27, நிலவிடம் பிடிபட்டது 2004 நவம்பர் 15. 13 மாதத்துக்கு மேல்! ஆனால் 367 கிலோ கலத்தில் செனான் வெறும் 82 கிலோ, அதிலும் போய்ச் சேர்ந்தபோது மிச்சம் இருந்தது. சந்திரயான் 100 கி.மீ. உயரம் வரை இறங்கியது, ஸ்மார்ட்-1 அவ்வளவு கீழே போகவில்லை என்பதைக் கழித்தாலும் வித்தியாசம் பெரிசுதான்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போனது? ஸ்மார்ட்-1 எஞ்சினின் உந்துவிசை சுமார் 70 மில்லிநியூட்டன். 7 கிராம் எடையை உள்ளங்கையில் வைத்தால் எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவுதான். முழு நாள் ஓடினால் கலத்தின் வேகத்தில் வினாடிக்கு 16 மீட்டர் அளவுக்கு மாற்றம் வரும். சந்திரயான்-1இன் 440 நியூட்டன் எஞ்சின் அதே மாற்றத்தை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும்.

நேரம் போனால் போகட்டும், ஆள்தான் உள்ளே இல்லையே என்று தோன்றும். சரிதான், ஆனால் தாமதத்துக்கு வேறு விலை உண்டு. மெல்ல மெல்லச் சுழன்று உயரும் கலம் பூமியைச் சூழ்ந்திருக்கும் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். அயனி எஞ்சினுக்கு மின்சாரம் தருவதே சோலார் பேனல்கள்தான். கதிர்வீச்சு முதலில் கைவைப்பதும் அவற்றின் மேல்தான். பேனல் தேய்ந்தால் உந்துவிசையும் குறையும். ஸ்மார்ட்-1 இதற்காகவே பாதையின் தாழ்ந்த முனையை முதலில் உயர்த்தி, பட்டைகளிலிருந்து சீக்கிரம் தப்பப் பார்த்தது. இடையிடையே எஞ்சின் அணைந்தபோதும் பயணம் கெடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேதி எஞ்சினுக்கு அந்தச் சலுகை கிடையாது. நிலவை நெருங்கும்போது குறித்த நிமிடத்தில் எரியாவிட்டால் கலம் நிலவைத் தாண்டிப் போய்விடும்.

அயனி எஞ்சினிலும் இரண்டு ரகம் உண்டு. மின்னூட்டிய கம்பிவலைகளால் அயனிகளை முடுக்கும் கம்பிவலை வகை செனானை அதிக வேகத்தில் தள்ளும், உந்துபொருளை இன்னும் மிச்சம் பிடிக்கும். ஸ்மார்ட்-1 சுமந்த ஹால் வகை (வலைக்குப் பதில் காந்தப்புலத்தைப் பயன்படுத்துவது) அந்தச் சிக்கனத்தில் கொஞ்சம் பின்தங்கினாலும், அதே மின்சாரத்துக்கு அதிக உந்துவிசை தரும். 1998இல் கிளம்பிய நாசா விண்கலம் டீப் ஸ்பேஸ்-1இன் கம்பிவலை எஞ்சின் சுமார் 2.3 கிலோவாட்டில் 92 மில்லிநியூட்டன் கொடுத்தது; ஸ்மார்ட்-1க்கு 1.2 கிலோவாட்டிலேயே 70 கிடைத்தது. சிறுகோள்களைத் தேடி வருடக்கணக்கில் போவதற்கு முதல் வகை. நிலவு பக்கத்தில் இருக்கிறது, எனவே என் ஓட்டு ஹாலுக்கு.

தரையிறங்குவதில் போட்டியே இல்லை. நிலவின் ஈர்ப்பு கலத்தை இழுக்கும் விசையோடு ஒப்பிட்டால், ஸ்மார்ட்-1 எஞ்சினின் தள்ளல் பல ஆயிரம் மடங்கு பலவீனம். லேண்டர் என்றால் வேதி எஞ்சின்தான்.

அப்புறம் பலரும் கணக்கில் சேர்க்காத மூன்றாவது வழி ஒன்று உண்டு. வேதி எஞ்சினையே வைத்துக்கொண்டு, சூரியனின் ஈர்ப்பைத் துணைக்கு அழைத்துச் சுற்றி வருவது. தென்கொரியாவின் தனூரி விண்கலம் 2022 ஆகஸ்டில் கிளம்பி, சுமார் 15 லட்சம் கி.மீ. தூரம் வரை விலகிப் போய், டிசம்பரில் நிலவை அடைந்தது. 25 கிலோ எடையுள்ள நாசாவின் சிறு கலம் கேப்ஸ்டோனும் அதே ஆண்டு இப்படித்தான் போனது. நாலரை மாதம் பொறுத்தால் கணிசமான எரிபொருள் மிச்சம், கதிர்வீச்சுப் பட்டையில் மாதக்கணக்கில் அலைய வேண்டியதும் இல்லை. போய்ச் சேருவது மட்டுமே நோக்கம் என்றால் அயனியைவிட இதையே தேர்ந்தெடுப்பேன்.

போய்ச் சேர்ந்த பிறகுதான் அயனி எஞ்சினின் அருமை தெரிகிறது. மிச்சமிருந்த செனானால் ஸ்மார்ட்-1 திட்டமிட்டதைவிடத் தாழ்ந்த பாதைக்கு இறங்கி நிலவை நெருக்கத்தில் பார்த்தது. ஆறு மாத ஆய்வு இன்னும் ஒரு வருடம் நீண்டது. வருடக்கணக்கில் பாதையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய ஆர்பிட்டருக்கு இதற்கு ஈடு இல்லை.

சூட்கேஸ் அளவுச் சிறு கலங்களுக்கு மட்டும் இப்போதைக்குத் தயங்குவேன். 2022 நவம்பரில் நாசாவின் ஆர்டெமிஸ்-1 ராக்கெட்டில் போன லூனா ஹெச்-மேப், லூனார் ஐஸ்கியூப் இரண்டும் அயோடின் அயனி எஞ்சின் சுமந்தவை. அயோடினைத் திடப்பொருளாகவே எடுத்துப் போகலாம், உயர் அழுத்தத் தொட்டி வேண்டாம், யோசனை அருமையானது. ஆனால் ஐஸ்கியூபின் தொடர்பு அறுந்தது. ஹெச்-மேப்பில் வால்வு சிக்கிக்கொண்டதால் எஞ்சின் இயங்கவில்லை, கலம் நிலவின் சுற்றுப்பாதையைப் பிடிக்காமலே கடந்து போனது. ராக்கெட்டில் பொருத்திய பெட்டிக்குள் மாதக்கணக்கில் காத்திருந்தபின் அந்த வால்வு தவறாமல் திறக்கிறது என்று ஒரு கலமாவது பறந்து காட்டும்வரை, சிறு கலத்துக்குக் கேப்ஸ்டோன் போன வழியே மேல்.