குவெஸ்ட் 3எஸ்: சுவரைத் தொட்டுப் பார்க்க வைக்கும் கண்ணாடி

தலையில் மாட்டினால் கணினி வரைந்த உலகத்துக்குள் நிற்பதுபோல் காட்டும் மெட்டா குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட்டைக் கழற்றியதும் பலர் செய்கிற முதல் காரியம், எதிரே இருக்கும் சுவரைத் தொட்டுப் பார்ப்பது. "அப்போ இதுவும் இப்படித்தானோ?" என்ற கேள்வி அடுத்து வரும். விளையாட்டுகள் எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் வாழும் உலகமே ஒரு கம்ப்யூட்டர் கணக்குதானா என்ற சந்தேகத்துக்கு இந்தப் பொருள் எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் வாங்க நினைப்பவர்களுக்கான விஷயங்கள் கடைசியில்.

ஒரு கண்ணுக்கு 1832 × 1920 பிக்சல். படம் நொடிக்கு 72, 90 அல்லது 120 முறை மாறும். 90 என்று வைத்தால் ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்க 11 மில்லிநொடிதான் அவகாசம். பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்குச் சுமார் 20 பிக்சல் விழுகிறது. நல்ல கண் ஒரு பாகையில் 60 வரை பிரித்தறியும். புளியரைச் சாலையோரம் 30 மீட்டர் தள்ளி நின்று வாசிக்க முடிகிற ஊர்ப்பலகையை, ஹெட்செட்டுக்குள் 10 மீட்டர் கிட்டப் போனால்தான் வாசிக்கலாம். பக்கவாட்டில் 96 பாகை தெரியும். நம் இரு கண்களுக்கும் சேர்த்து 200 பாகை போலத் தெரிவதால், உள்ளே எப்போதும் குழாய் வழியே பார்க்கிற உணர்வு கொஞ்சம் மிச்சமிருக்கும்.

இவ்வளவு குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு மூளையை ஏமாற்ற முடிகிறதே, அங்கேதான் இதன் கெட்டிக்காரத்தனம். தலை திரும்பிய பக்கம் மட்டுமே வரையப்படுகிறது. முதுகுக்குப் பின்னால் எதுவும் இல்லை. கணினிப் படங்கள் முக்கோணத் துண்டுகளால் ஆனவை; தூரத்து மலைக்குச் சில முக்கோணங்கள் போதும், கிட்டப் போனால் பாறையும் புல்லும் முளைக்கும். படத்தின் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரம் மட்டமாகவும் வரையப்படுவதும் உண்டு. இதில் கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கும் வசதி கிடையாது. ஆகவே திருட்டைப் பிடிப்பது சுலபம். எழுத்து நிறைந்த ஒரு பலகையைப் பார்வையின் ஓரத்தில் வைத்து, தலையை அசைக்காமல் விழியை மட்டும் உருட்டுங்கள். எழுத்து மசங்கும். அதில் ஒரு பங்கு, வளையம் வளையமாக வெட்டிய ஃப்ரெனல் லென்ஸின் குறை.

"பார்க்காததை வரைவதில்லை என்பது, அளக்கும் வரை துகளின் நிலை முடிவாவதில்லை என்கிற குவாண்டம் இயற்பியலிலும் இருக்கிறதே, அப்படியானால் உலகமும் இதே சிக்கனத்தில்தான் ஓடுகிறது" என்று சொல்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். விஷயம் நேர்மாறு. இரண்டே நிலை கொண்ட 300 துகள்கள் யாரும் அளக்காமல் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், அவற்றின் நிலையை அப்படியே எழுதி வைக்க 2-ஐ 300 முறை பெருக்கி வரும் அளவு எண்கள் வேண்டும். கண்ணுக்கெட்டிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைவிட அது அதிகம். அளந்த பிறகுதான் கணக்கு சுருங்கும். கணினி நேரத்தை மிச்சம்பிடிக்கச் செய்த ஏற்பாடு இது என்றால், இப்படி ஓர் ஊதாரி எந்த உலகத்திலும் கிடையாது.

ஏமாற்று வேலையில் மூளைக்கும் பங்குண்டு என்பதை ஹெட்செட் இல்லாமலே சோதிக்கலாம். ஒரு தாளில் 8 செ.மீ. இடைவெளியில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை 30 செ.மீ. தூரத்தில் முன்பின் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் புள்ளி மறையும். அங்கே ஓட்டை தெரியாது, வெள்ளைத் தாள்தான் தெரியும். விழித்திரையில் நரம்பு வெளியேறும் இடத்தின் குருட்டுப்புள்ளி அது. அக்கம்பக்க நிறத்தைக் கொண்டு மூளை அடைத்துவிடுகிறது.

கண் இப்படி மலிவாக விலைபோகிறது. காது போகாது. கையில் பிடிக்கும் கண்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி உள்ளே ஓடினால், கண் "ஓடுகிறேன்" என்கிறது. உள்காதின் திரவம் "நிற்கிறேன்" என்கிறது. விளைவு குமட்டல், வேர்வை, தலைசுற்றல். முதல் வாரம் குச்சியால் நகரும் விளையாட்டுகளைத் தொடாதீர்கள். இடம்விட்டு இடம் தாவும் முறையை வையுங்கள், 15 நிமிடத்தில் கழற்றுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. ஒரு பக்கமாக டேபிள் ஃபேன் வைத்தால் காற்றும் கிடைக்கும், அறையில் எந்தத் திசை நோக்கி நிற்கிறோம் என்பதும் தெரியும்.

இப்போது அந்தச் சுவருக்கு வருவோம். 2003-இல் தத்துவ அறிஞர் நிக் போஸ்ட்ரம் எழுதிய வாதத்தில் ஹெட்செட்டுக்கு வேலையே இல்லை. மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறார்: மனித மனங்களையே கணினியில் ஓட்டும் திறனை எட்டுமுன் நாகரிகங்கள் பெரும்பாலும் அழிந்துபோகும், அல்லது எட்டியும் முன்னோர் வாழ்க்கையைக் கணினியில் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள், அல்லது நாம் அப்படி ஓட்டப்படுகிறவர்கள். மூன்றாவதுதான் நிஜம் என்று அவர் நிரூபிக்கவில்லை. மனித குல மனங்களின் வரலாறு முழுவதையும் ஓட்ட, 1-க்குப் பின் 33 முதல் 36 பூஜ்யம் வரை கணக்குகள் ஆகும் என்பது அவர் மதிப்பீடு. ஒரு கிரகத்தின் அளவுள்ள கணினி நொடிக்கு 1-க்குப் பின் 42 பூஜ்யம் அளவு கணக்குகளைப் போடும். ஆனால் எல்லாம் ஒரு முளையில் கட்டியிருக்கிறது: மனம் என்பது எந்த வன்பொருளிலும் ஓடும் என்ற அனுமானம். அதை ஒப்பாதவருக்கு வாதம் தொடங்கவே தொடங்காது. குவெஸ்டுக்குள் போகிறவர் தன் மூளையை வெளியே சோபாவில் விட்டுவிட்டுப் போகிறார். போஸ்ட்ரம் சொல்லும் உலகில் வெளியே சோபாவும் இல்லை, மூளையும் இல்லை. காலடி ஊர் ஆதி சங்கரர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கயிற்றரவையும் (இருட்டில் கயிற்றைப் பாம்பென்று மயங்கும் உவமை) இதில் கலக்க வேண்டாம். அங்கே பாம்பைக் காணும் ஆள் ஒருவர் வேண்டும்.

சோதிக்க வழியுண்டா? 2012-இல் மூன்று இயற்பியலாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். உலகம் கட்டம் போட்ட தாளில் கணக்கிடப்படுகிறது என்றால், விண்வெளியிலிருந்து வந்து விழும் துகள்களான காஸ்மிக் கதிர்களில் மிக உயர்ந்த ஆற்றல் கொண்டவை எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வராமல், கட்டத்தின் அச்சுகளைக் காட்டிக்கொடுக்கலாம். பார்க்க வேண்டிய ஆற்றல், 5-க்குப் பின் 19 பூஜ்யம் எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). நம் பக்கம் ஊட்டியில் டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் மியூவான் என்ற துகள்களைப் பிடிக்கும் 560 சதுர மீட்டர் தொலைநோக்கியோடு காஸ்மிக் கதிர்களைப் பிடிக்கிறது. அது அளப்பது இதற்கு ஆயிரம் மடங்குக்கும் கீழான ஆற்றலை. உச்ச ஆற்றலுக்கு அர்ஜென்டினாவில் 3,000 சதுர கிலோமீட்டரில் விரித்த கருவிகள் வேண்டியிருக்கிறது. இதுவரை கட்டம் எதுவும் தென்படவில்லை.

இனி வீட்டுக்கு. 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலியிடம் வேண்டும். அதைவிட முக்கியம் தலைக்கு மேல்: பழைய ஓட்டு வீடுகளில் ஃபேன் தாழ்வாகத் தொங்கும், கையைத் தூக்கி வீசினால் விரல் போகும். பீரோக் கண்ணாடி, பளபளக்கும் டைல்ஸ், ஒன்றுமே மாட்டாத வெள்ளைச் சுவர் இவையெல்லாம் கேமராக்களைக் குழப்பும்; உலகம் வழுக்கிக்கொண்டு போகும். சுவரில் இரண்டு காலண்டர், தரையில் ஒரு பாய் போட்டால் சரியாகும். அகச்சிவப்பு விளக்குகள் இருப்பதால் மங்கிய வெளிச்சத்திலும் சமாளிக்கும்.

லென்ஸ் இடைவெளி 58, 63, 68 மி.மீ. என மூன்று படிதான். கண்மணிகளின் இடைவெளி 61-க்குள் என்றால் முதல் படி, 66-ஐத் தாண்டினால் கடைசி. தவறாக வைத்தால் தலைவலிக்குப் பழி மென்பொருள் மேல் விழும். எடை 514 கிராம், முழுதும் முகத்தில். சார்ஜ் இரண்டரை மணி நேரம் தாங்கும். கண்ட்ரோலருக்கு ஒரு ஏஏ பேட்டரி வீதம். ஹெட்ஃபோன் துளை கிடையாது. பத்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குக் கம்பெனியே வேண்டாம் என்கிறது.

ஆரியங்காவுக் கணவாய் வழி சாரல் இறங்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லென்ஸில் ஆவி படியும். மாட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஆன் செய்து வையுங்கள், தானே சூடாகித் தெளியும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் நிரந்தரம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சாரல் விட்டதும் காயட்டும் என்று ஜன்னலோரம் வைப்பவர்கள் உண்டு. லென்ஸ் வழி புகும் வெயில் ஒரே புள்ளியில் குவிந்து திரையைப் பொசுக்கிவிடும். அந்த மஞ்சள் புள்ளி எந்த உலகத்துக்குள் போனாலும் கூடவே வரும்.