கீழ் இமைக்கு போடாக்ஸ்: ஒரு வருஷம் கழிச்சு

"யூனிட் 299 ரூபாய், இந்த மாசம் மட்டும்" என்று வாட்ஸப்பில் வந்த கிளினிக் விளம்பரத்தை வியாசர்பாடி நாத்தனார் எனக்குத் தள்ளிவிட்டு, "அண்ணி, நீங்க போட்டீங்கள்ல, நானும் போட்டுக்கட்டா?" என்று கேட்டிருக்கிறாள். போனில் சொல்ல ஆரம்பித்தால் ராத்திரி ஆகிவிடும், அதனால் எழுதியே வைக்கிறேன். போடாக்ஸ் என்பது தசையைச் சில மாசத்துக்குத் தளர்த்திவைக்கிற, யூனிட் கணக்கில் அளந்து போடுகிற ஊசி மருந்து; இது இப்போது எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு வருஷத்துக்கு மேலாக விட்டு விட்டுப் போட்டுக்கொண்டது கண் பெரிதாகத் தெரிவதற்கான ஊசி. புருவ வால் பக்கம் கொஞ்சம், கண் ஓரத்தில் கொஞ்சம், கீழ் இமையில் முடி முளைக்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே துளியூண்டு. என் சண்டை முழுக்க அந்தத் துளியூண்டோடுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிரித்தால் என் கண் காணாமல் போய்விடும். கல்யாண ஆல்பத்தில் பாதிப் படத்தில் நான் தூங்குகிறேன். கண்ணைச் சுற்றி வட்டமாக ஓடுகிற தசை சிரிக்கும்போது இறுகி, கீழ் இமையை மேலே தூக்கிவிடுகிறது. ஊசி அந்தத் தசையைக் கொஞ்சம் சோம்பேறியாக்கும். இமை ஒரு மயிரிழை அளவு கீழே இறங்கி நிற்கும், அவ்வளவுதான். கண் ஒன்றும் வளர்ந்துவிடாது. ஆனால் அந்த மயிரிழை செய்கிற வேலை இருக்கிறதே! முன்பெல்லாம் கண்மை இமைக்குக் கீழே இருக்கும் மடிப்பில் இறங்கி, மத்தியானத்துக்குள் ரெண்டு கோடாகிவிடும். ஊசி போட்டு ரெண்டு வாரம் போனதும் மையை ஒரே இழுப்பாக இழுத்தேன். மூக்கோரத்தில் ஆரம்பித்துக் கடைசி வரை எங்கேயும் தடுக்காமல் போயிற்று. அழித்துவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன், அந்த சுகத்துக்காகவே.

வேலைக்குப் போகிற வழியில் அந்த மை காசிமேடு தாண்டாது.

வீடு வடசென்னையில் திருவொற்றியூர். வேலை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில் பில்லிங். ஸ்கூட்டியில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வழியாகப் போவேன். ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி. தசை தளர்ந்தால் கண் சிமிட்டுவது அரைகுறையாகிறது. வைப்பர் தேய்ந்த வண்டி மழையில் போகிற கதைதான். சிமிட்டும்போதுதான் கண்ணீர் விழி முழுக்கப் பரவும். மிச்சக் கண்ணீரை மூக்கோரத்துச் சின்னத் துளை வழியாக உள்ளே இழுத்து அனுப்புவதும் அதே சிமிட்டல்தான். ரெண்டும் கெட்டது. கண் காய்ந்து எரியும். எரிச்சலில் ஊறுகிற தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் கன்னத்தில் வழியும், மையையும் கூட்டிக்கொண்டு.

எரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேள்விகளைத்தான் தாங்க முடியவில்லை. கடை வாட்ச்மேன் அண்ணன், "இன்னாம்மா, வூட்ல எதுனா சண்டையா?" என்பார். முதலாளி ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, அட்வான்ஸ் ஏதாவது வேணுமா என்று கேட்டார். (வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.) உச்சகட்டம் எங்கள் தெருவில். மூணாவது வீட்டு அம்மா அத்தையைப் பிடித்து, "மருமவள தினம் அழ வெச்சி அனுப்புறியே" என்று கேட்டுவிட்டது. அத்தை உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்து, "நான் இன்னாடி பண்ணேன் உன்ன? ஊசி நீ போட்டுக்குவ, கெட்ட பேரு எனக்கா?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வாயெடுத்தேன், அப்போது பார்த்து வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டது. அத்தை எழுந்து போய்விட்டார்.

கிளினிக்கைக் குறை சொல்ல வரவில்லை, பேரும் வேண்டாம். டாக்டர் அவசரப்படுத்தாத ஆள். கர்ப்பமா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா, தசை பலவீனமாகும் நோய் ஏதாவது உண்டா, கண்ணில் லேசர் செய்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். கீழ் இமையை விரலால் இழுத்துவிட்டு, அது உடனே சட்டென்று ஒட்டுகிறதா என்றும் பார்த்தார். தொய்ந்த இமையாக இருந்தால் அந்த இடத்தில் போடவே கூடாதாம். "கண் காய்வது மாதிரி இருந்திருக்கா?" என்றார், இல்லை என்றேன், உண்மையும் அதுதான். எல்லாம் கேட்டவர், தினமும் எதில் வேலைக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. ஏசி காரில் வருகிறவர்களையே பார்த்துப் பழகிய கிளினிக்குக்கு இந்தக் கேள்வி தோன்றாது. வடசென்னையில் கடை போட்டால் முதல் கேள்வியே அதுவாக இருக்கணும்.

ஒரு வேடிக்கை. இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1989-ல் முதலில் அனுமதி கொடுத்தது மாறுகண்ணுக்கும், கண் தானாக இறுக்கி மூடிக்கொள்கிற கோளாறுக்கும்தான். அந்தக் கோளாறுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த கனடா கண் டாக்டர் ஒருவர் புருவ நடுச் சுருக்கம் மறைவதைக் கவனித்ததில்தான் அழகு வியாபாரம் கிளம்பியது. புருவ நடுவுக்கு 2002-ல் அமெரிக்காவில் அனுமதி, கண் ஓரச் சுருக்கத்துக்கு 2013-ல். கண்ணைப் பெரிதாகக் காட்டக் கீழ் இமையில் போடுவது அந்த அனுமதிக்குள் வராது. டாக்டர் தன் அனுபவத்தில் போடுவது. அதனால் கை முக்கியம்.

நாத்தனாரே, அந்த 299-ஐப் பார்த்து மயங்காதே. ஒரு கம்பெனி யூனிட்டும் இன்னொரு கம்பெனி யூனிட்டும் ஒன்றல்ல. போடாக்ஸில் ஒரு யூனிட் செய்கிற வேலைக்கு டிஸ்போர்ட்டில் ரெண்டரை, மூணு யூனிட் ஆகும். எந்த மருந்து என்று கேள், பாட்டிலை உன் எதிரில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கச் சொல், தேதியைப் பார். "கண்ணுக்குக் கீழ பள்ளம் இருக்கு, ஃபில்லரும் சேர்த்துப் போட்டுடலாம்" என்று இழுப்பார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஃபில்லர் என்பது பள்ளத்தை நிரப்புகிற ஜெல் ஊசி. அது தப்பிப்போய் ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். அரிதுதான், இருந்தாலும் என் கண் அது.

இப்போது காலையில் தேரடி ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்குகிறேன். பையில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து. பாதித் தொல்லை குறைந்தது. மூணு மாசம் தாண்டியதும் இமை மெல்லப் பழைய இடத்துக்கு வந்து, தண்ணீர் நின்று, மை மறுபடி ரெண்டு கோடாகிறது. அதைப் பார்த்தால் அதற்கும் கோபம் வருகிறது.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். ஸ்கூட்டியில் போகிறவர்கள் கீழ் இமைப் பக்கமே போகாதீர்கள், புருவ வாலோடு நிறுத்துங்கள். வியாசர்பாடியிலிருந்து தினமும் வண்டியில் போகிற நாத்தனாருக்கும் இதே பதில்தான். தை மாசம் தம்பி கல்யாணம். முகூர்த்தத்துக்கு மூணு வாரம் முன்னால் எனக்கு அப்பாயின்ட்மென்ட், கீழ் இமையும் சேர்த்துத்தான். மூணாவது வீட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொல்கிற பொறுப்பை அத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்.