ஒரு விரற்கடை இறங்கும் திரை: மானிட்டர் ஆர்மோடு மூன்று ஆண்டுகள்

மும்பை முலுண்டில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் 6,800 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே மானிட்டர் ஆர்ம் (திரையை மேஜைக்கு மேலே அந்தரத்தில் பிடித்து நிறுத்தும் மடக்குக் கை), இப்போது 4,299 ரூபாய். "வாங்கிவிடட்டுமா? உங்களிடம்தான் இருக்கிறதே" என்று கீழே ஒரு வரி. என்னிடம் இருப்பதைப் போலவே அவரிடமும் 27 அங்குல ஐமேக், அதாவது திரைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கிய ஆப்பிள் இயந்திரம் இருக்கிறது. 'வேண்டாம்' என்று எழுதினேன், அனுப்பாமல் அழித்தேன். 'வாங்குங்கள்' என்று எழுதினேன், அதையும் அழித்தேன். அன்றைக்குக் காலையில்தான் அந்த ஆர்மின் கழுத்தைச் சைக்கிள் கடையில் கொடுத்துச் சரி செய்துகொண்டு வந்திருந்தேன். கையில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை. அந்த நேரத்தில் கேட்டால் யாரால் நியாயமாகப் பதில் சொல்ல முடியும்?

எங்கள் வீடு மும்பையிலேயே செம்பூரில். வாடகை ஒப்பந்தத்தில் 'ஹால்' என்று எழுதப்பட்டிருக்கும் அறை பத்தடிக்குப் பதினோரு அடி. அதில் அம்மாவின் கட்டில், துணி அலமாரி, நான்கடி நீள மேஜை. மேஜையின் அகலம் இருபது அங்குலம்தான். நான் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவனுக்கு 5120-க்கு 2880 புள்ளிகள் கொண்ட திரை ஆடம்பரமில்லை. இந்த 2017-ஆம் ஆண்டு மாடலுக்குப் புதிய இயங்குதளங்கள் வருவது வெஞ்சுரா என்ற பதிப்போடு நின்றுவிட்டது. அது பற்றி எனக்குக் கவலை இல்லை. எழுத்து தெளிவாகத் தெரிகிறது, போதும்.

அந்த இருபது அங்குல மேஜையில் ஐமேக் நிற்கும் கால், பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. விசைப்பலகையை வைத்தால் அச்சுப்படிகளை வைக்க இடமில்லை. படிகளை மடியில் வைத்துக்கொண்டு திருத்தினால் கழுத்து வலி. சுவரில் மாட்டலாம் என்றால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று தனியாகவே ஒரு வரி இருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டு உரிமையாளர் வந்து சுவர்களைக் கையால் தடவிப் பார்ப்பார். ஆகவே மேஜை விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வகை ஆர்ம் ஒன்றுதான் வழி.

இங்கேதான் நான் முதல் தவறு செய்தேன். மானிட்டர்களின் முதுகில் நான்கு துளைகள் இருக்கும். நூறு மில்லிமீட்டர் சதுரம், எம்-4 திருகுகள், வெசா என்ற பொது அளவு. என் ஐமேக்கில் அது கிடையாது. இந்த மாடலை வாங்கும்போதே கால் வேண்டுமா, வெசா தகடு வேண்டுமா என்று சொல்லிவிட வேண்டியிருந்தது. பிறகு வீட்டில் மாற்றிக்கொள்ள வழியில்லை. முதலில் வாங்கிய அலுவலகம் கால்தான் கேட்டிருந்தது. அவர்களுக்கு நீளமான மேஜைகள் இருந்தன, அவர்கள் மேல் குற்றமில்லை. நான் தனியாக ஓர் அடாப்டர் வாங்கினேன். ஐமேக்கின் காலைக் கழற்றாமல் அதை முன்னும் பின்னும் இரண்டு தகடுகளால் கவ்விக்கொண்டு, பின்பக்கம் நான்கு துளைகளைத் தரும் சாமர்த்தியமான பொருள். அந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் மூன்று வருடமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆர்மின் பெட்டியில் 12 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருந்தது. ஐமேக் சுமார் 9.4 கிலோ, அடாப்டர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆக மொத்தம் பத்தரை. கணக்கு சரியாக இருந்தது. மாட்டினேன். மேலே தூக்கினால் தூக்கிய இடத்தில் நின்றது, கீழே இறக்கினால் இறக்கிய இடத்தில் நின்றது. அன்று மாலை என் மனைவியைக் கூப்பிட்டு, ஒற்றை விரலால் திரையை ஏற்றி இறக்கிக் காட்டினேன். மறுநாள் காலையில் திரை லேசாகத் தலையைக் குனிந்திருந்தது.

லேசாகத்தான். மேல் விளிம்பு ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்திருந்தது, அவ்வளவே. நிமிர்த்தி வைத்தேன். அதற்கடுத்த நாள் மீண்டும் ஒரு விரற்கடை. யாரோ இரவில் வந்து குனிய வைத்துவிட்டுப் போவதைப் போல. பகலில் வேலை செய்துகொண்டிருக்கும்போது தெரியாது. மாலையில் திடீரென்று, நாம் ஏன் இப்படி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றும். திரை குனியக் குனிய நானும் கூடவே குனிந்திருப்பேன். கழுத்து வலிக்காக வாங்கிய பொருள் இது.

காரணம் புரிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. உயரத்தைத் தாங்குவது ஆர்முக்குள் இருக்கும் கேஸ் ஸ்பிரிங், அதாவது வாயு அடைத்த அழுத்தக் குழாய். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. தலையை நிமிர்த்திப் பிடிப்பது வேறு, நுனியில் இருக்கும் சிறிய மூட்டு. அதில் ஸ்பிரிங் கிடையாது. ஒரு திருகு, இரண்டு வாஷர், அவற்றுக்கு இடையிலான உராய்வு, அவ்வளவுதான். அந்த மூட்டுக்குப் பத்துக் கிலோவா பன்னிரண்டு கிலோவா என்பதைவிட, கனம் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதுதான் முக்கியம். நிறைகுடத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு எங்கள் பாட்டி இரண்டு தெரு நடப்பாள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் பத்து எண்ணுவதற்குள் கை தொய்ந்துவிடும். சாதாரண மானிட்டரின் கனம் தகட்டிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டரில் இருக்கும். என்னுடையதில் ஐமேக்கின் கால், அதன் பின்னால் அடாப்டர் என்று இடையில் ஒரு கூட்டமே நிற்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல். பெட்டியில் எழுதியவர் மனதில் வைத்திருந்த சுமையைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம் அந்தச் சின்ன மூட்டில் விழுகிறது. பெட்டியில் கிலோ எழுதியிருக்கிறது, சென்டிமீட்டர் எழுதவில்லை. கிலோவை மட்டும் பார்த்து வாங்கியவன் நான்.

சரி, திருகை முறுக்கினால் தீர்ந்தது என்பீர்கள். அந்தத் திருகு இருக்கும் இடம் அடாப்டர் தகட்டின் நேர் பின்னால். ஆலன் கீயை (திருகை முறுக்கும் அறுகோணச் சாவி) உள்ளே விட்டால் கால் சுற்றுதான் திரும்பும். எடுத்து, மறுபடி செருகி, இன்னொரு கால் சுற்று. அந்த ஆலன் கீயை ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முழுதாக முறுக்க வேண்டுமென்றால் கணினியையே கழற்றி இறக்க வேண்டும். ஒரு முறை அதையும் செய்தேன். நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஆர்மைக் கீழே தாழ்த்தி வைத்துக்கொண்டு கழற்றினோம். பாரம் போனதும் ஆர்ம் விருட்டென்று மேலே எழும்பி டியூப்லைட் பட்டியை இடித்தது. என் தாடை அந்தப் பாதையில் இல்லாதது பூர்வபுண்ணியம். ஆர்மை அதன் உச்சிக்கு உயர்த்திவிட்டுத்தான் கணினியைக் கழற்ற வேண்டும், அப்போது எழும்ப இடமே இருக்காது. இது பெட்டியோடு வந்த தாளிலும் படமாக இருந்தது. படித்திருக்கலாம்.

மேஜை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முலுண்ட் நண்பரிடமும் இதே மாதிரி மேஜைதான். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பதினெட்டு மில்லிமீட்டர் பார்ட்டிகிள் போர்டு, மேலே மர நிறத்தில் லேமினேட். அந்த உள்ளங்கை அளவு கிளாம்புதான் மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கொள்கிறது. ஆர்மை முன்னால் நீட்டும்போது அது மேஜை விளிம்பை நெம்புகிறது. முதல் வருடம் லேமினேட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். ஜூலையில் மும்பை மழையின் ஈரம் அதற்குள் போய், ஊறிய அவல் போல விளிம்பு உப்பிக்கொண்டது. தெருமுனை தச்சு மிஸ்திரி பார்த்துவிட்டு ஹிந்தியில் சொன்னதன் சாரம்: இது மரமில்லை, பிஸ்கட். உப்பிய விளிம்பைச் சீவியெடுத்துவிட்டு, கீழே ஓரடி நீளத்துக்கு ஒட்டுப்பலகை, மேலே ஐந்து மில்லிமீட்டர் இரும்புத் தகடு, இரண்டுக்கும் நடுவில் பிஸ்கட் என்று வைத்துக் கொடுத்தார். எழுநூறு ரூபாய். அதன் பிறகு இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. இந்த அனுபவத்தில் நான் முழு மனதோடு பாராட்டும் ஒரே ஆள் அவர்தான்.

இன்னொன்று, விளம்பரப் படங்களில் தெரியாதது. ஆர்மை மடக்கினால் அதன் முழங்கை பின்பக்கம் துருத்திக்கொண்டு வரும். படத்தில் மேஜைக்குப் பின்னால் வெட்டவெளி. எங்கள் வீட்டில் சுவர். ஆகவே மேஜையை ஏழு அங்குலம் முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறேன். மேஜை மேல் கிடைத்த இடத்தில் ஒரு பங்கைத் தரையில் கொடுத்துவிட்டேன். அந்த ஏழு அங்குல இடுக்கில் இப்போது குடைகளும் மடக்கு ஏணியும் இருக்கின்றன.

அப்படியானால் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? அடியில் கிடைத்த இடம் ஒரு காரணம். திரை அந்தரத்தில் நிற்க, அதன் கீழே முழு அச்சுப்படியையும் விரித்து வைக்க முடிகிறது. சாப்பாட்டு நேரத்தில் திரையை ஓரமாகத் தள்ளிவிட்டால் மேஜையில் மூன்று தட்டு வைக்கலாம். இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வாங்கினேன்.

எதிர்பாராதது அம்மா. முழங்கால் வலியால் அம்மா பெரும்பாலும் கட்டிலில்தான். சாயங்காலம் ஆறரைக்கு நான் வேலையை நிறுத்தியதும் திரையைக் கட்டில் பக்கம் திருப்பி இழுத்துவிடுவேன். மார்கழியில் கச்சேரி, மற்ற நாட்களில் சீரியல். டிவி வாங்கித் தருகிறேன் என்று பல முறை சொல்லியிருக்கிறேன். எங்கே வைப்பாய் என்று அம்மா திருப்பிக் கேட்பார், என்னிடம் பதில் இருக்காது. படுத்தபடியே பார்க்கிறவருக்குத் திரை கொஞ்சம் குனிந்திருந்தால்தான் வசதி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. திருகோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் அம்மா சொன்னார்: "விடேன், அது என்னைப் பார்த்துத்தானே குனிகிறது."

இந்த ஜனவரியில் மூட்டு முற்றிலும் தளர்ந்தது. எவ்வளவு முறுக்கினாலும் மதியத்துக்குள் திரை மேஜையையே பார்த்தது. விற்ற கடையில் உத்தரவாதம் ஓராண்டுதான், முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்காதாம், புது ஆர்ம் வாங்கிக்கொள்ளலாமாம். ஒரு ரூபாய் வாஷருக்கு 4,299 ரூபாய். எனக்கு வந்த கோபத்தை இங்கே முழுதாக எழுதவில்லை. அடுத்த மாதம் முழுவதும் திரைக்கு அடியில் அகராதிகளை அண்டக் கொடுத்து வேலை பார்த்தேன். பிறகு மூட்டை மட்டும் கழற்றி, ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பிளாஸ்டிக் வாஷர் தேய்ந்து கண்ணாடி போல வழவழத்திருந்ததைக் காட்டினார். அதை எடுத்துவிட்டு ஃபைபர் வாஷர் ஒன்றும், திருகின் தலைக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் ஒன்றும் போட்டார். முப்பது ரூபாய். திரை இப்போது நிமிர்ந்து நிற்கிறது. ஒரு வாரமாக ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

முலுண்ட் நண்பரே, உங்களுக்கு என் பதில்: வாங்காதீர்கள். விலை குறைந்திருப்பதற்காகவே வாங்காதீர்கள். காலோடு இருக்கும் ஐமேக்குக்கு இந்த ஆர்மின் கழுத்து போதாது. கனமானவற்றுக்கென்றே செய்த ஆர்ம்கள் இருக்கின்றன. எர்கோட்ரான் நிறுவனத்தின் ஹெச்எக்ஸ் என்ற ஆர்ம் 9.1 கிலோவிலிருந்து 19.1 கிலோ வரை தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. எனக்கு அதன் விலை எட்டவில்லை, உங்களுக்கு எட்டலாம். எதை வாங்கினாலும் முதலில் மேஜை விளிம்புக்கு ஒட்டுப்பலகை கொடுங்கள். சுவருக்கும் மேஜைக்கும் நடுவில் எத்தனை அங்குலம் விட முடியும் என்று அளந்து எனக்கு அனுப்புங்கள். மின்கம்பியைத் தாராளமாகத் தளர்த்தி விடுங்கள். திரையை இழுத்த வேகத்தில் பிளக் கழன்று, நான் முடித்த நாற்பது பக்கம் போன கதையை நேரில் சொல்கிறேன்.

இதை நேற்று மதியம் எழுதி வைத்தேன். சாயங்காலம் திரையைக் கட்டில் பக்கம் திருப்பினேன். அம்மா தலையணையை இரண்டாக மடித்து வைத்துப் பார்த்தார், பிறகு எழுந்து உட்கார்ந்து பார்த்தார். "ஏனடா, இது இப்போது விறைத்துக்கொண்டு நிற்கிறது?" என்றார். கையால் குனிய வைக்கப் பார்த்தேன், புது வாஷர் அசையவில்லை. ஜன்னலிலிருந்து ஆலன் கீயை எடுத்து இரண்டு கால் சுற்று தளர்த்தினேன். இன்று காலை வேலைக்கு உட்கார்ந்தபோது மேல் விளிம்பு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.