வாடகை வீட்டைப் பார்வையிட: நேரில் போவதா, வீடியோ போதுமா, ஆள் அனுப்புவதா?

வாடகைக்கு விட்ட வீடு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூன்று வழிகள் உண்டு. நாமே போய்ப் பார்க்கலாம். குடியிருப்பவரையே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். காசு கொடுத்து விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பலாம். மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டைச் சத்தமில்லாமல் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் கசிவை எது முதலில் காட்டிக்கொடுக்கிறது என்பதை வைத்தே மூன்றையும் எடைபோடுகிறேன்.

வீடியோவில் வசதி அதிகம். தொலைவில் இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் வீட்டைப் பார்த்துவிடலாம். குடியிருப்பவருக்கும் தொந்தரவு இல்லை. உடைந்த டைல், கூரையில் பழுப்புக் கறை, பெயர்ந்த பெயின்ட் எல்லாம் தெரியும். ஆனால் வாடை தெரியாது, ஈரம் கைக்குப் படாது. எடுப்பவர் திருப்பாத பக்கம் நமக்கு இல்லவே இல்லை.

ஒருமுறை வந்த வீடியோவில் சமையலறை பளபளவென்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து நேரில் போய் சிங்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்தேன். குப்பென்று பூஞ்சை வாடை. அடிப்பலகை உப்பிப்போய், விரலால் அழுத்தினால் நனைந்த அட்டை மாதிரி உள்ளே போனது. குழாய் மூட்டுக்கு அடியில் ஒரு சின்ன வாளி. "சொன்னா செலவை எங்க தலையில கட்டிடுவீங்களோன்னு பயந்துட்டோம் சார்" என்றார் அங்கே குடியிருந்த அம்மா. தேய்ந்த வாஷரை மாற்றுவது என் பொறுப்பு என்று நான் ஒருநாளும் அவர்களிடம் தெளிவாகச் சொன்னதில்லை. அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, "எங்கேயாவது ஒழுகுதா, எதாவது சரியா வேலை செய்யலையா? செலவு என்னுடையது, தயங்காம சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன்.

இதற்காகவே நேரில் போவதை முதலிடத்தில் வைக்கிறேன். போனதும் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் பெரும்பாலும் எங்கோ கசிகிறது. கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் வண்ணப்பொடி கலந்து கால் மணி நேரம் விடுங்கள். ஃபிளஷ் செய்யாமலே கீழே கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே வால்வு போய்விட்டது. குளியலறைக்குள் பார்ப்பதோடு நிற்காமல், அந்தச் சுவரின் மறுபக்கம் இருக்கும் அறைக்குப் போய்ச் சுவரின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். உள்ளே டைல் மறைப்பதை அங்கே உப்பிய பெயின்ட் சொல்லிவிடும்.

ஈரம் என்றதும் குடியிருப்பவரைக் குறை சொல்வது தவறு. தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம் வரை கறையும் வெள்ளை உப்புப் பூப்பும் இருந்தால் பெரும்பாலும் நிலத்திலிருந்து ஏறும் ஓதம். அது கட்டடத்தின் கோளாறு. பீரோவுக்குப் பின்னாலும் அறை மூலைகளிலும் கரும்புள்ளிப் பூஞ்சை என்றால் காற்றோட்டம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் மீது ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள். ஒட்டிக்கொள்ளாவிட்டால் ஃபேன் பேருக்குத்தான் சுற்றுகிறது. மரச்சட்டங்களைத் தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் வந்தாலோ, சுவரில் பென்சில் கனத்துக்கு மண்கோடு ஓடினாலோ கரையானாக இருக்கலாம்.

நேரில் போவதில் ஓர் ஆபத்தும் உண்டு: எல்லை மீறுவது. வீடு நம்முடையது, குடித்தனம் அவர்களுடையது. பல நாடுகளில் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை. அவர்கள் துணி மடிக்கும் விதமும் பாத்திரம் அடுக்கும் விதமும் நாம் பார்க்க வேண்டியவை அல்ல. வெளுத்த பெயின்டும் நடந்து தேய்ந்த தரையும் சாதாரணத் தேய்மானம். அவற்றுக்கு முன்பணத்தில் கை வைப்பது நியாயமில்லை.

சரி, விவரம் தெரிந்தவர் எதற்கு? மின்சாரம், கேஸ் இணைப்பு, கூரை ஆகிய மூன்றுக்கும். பழுப்பேறிய பிளக்கை நாமே பார்த்துவிடலாம். மின்கசிவு பிரேக்கரில் டெஸ்ட் பொத்தானையும் அழுத்திப் பார்க்கலாம். கரண்ட் போகும் என்பதால் கேட்டுவிட்டு அழுத்துங்கள். ஆனால் எர்த்திங் சரியா என்பதைக் கருவி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. பிற்பாடு தகராறு வந்தால் மூன்றாம் ஆளின் அறிக்கைக்கு மதிப்பும் அதிகம். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் குடியிருப்பவர் மனம்விட்டுக் குறை சொல்வது அபூர்வம். வீட்டின் பழைய கதையும் வந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

நான் ஆண்டுக்கு இருமுறை நேரில் போகிறேன். ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்தது வரும் இடைவெளியில் எலக்ட்ரீஷியனை முழுதாகப் பார்க்கச் சொல்கிறேன். வீடியோவை இவற்றுக்கு மாற்றாக நம்புவதில்லை, துணையாக மட்டும் வைத்திருக்கிறேன். போன முறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கண்ணில் பட்டது. இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வந்தேன். மாதம் ஒருமுறை அந்தக் கோட்டை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான்.