லாங்டாங்கா, மார்க்காவா?

இரண்டு வருட இடைவெளியில் இரண்டு பள்ளத்தாக்கிலும் நடந்திருக்கிறேன். லடாக்கின் மார்க்காவில் ஹாங்கர் கிராமம் வரை போய், கணவருக்கு உடம்பு ஒத்துழைக்காததால் திரும்பினோம். நேபாளத்தின் லாங்டாங்கில் கடைசி ஊரான கியாஞ்சின் கோம்பா வரை போனதோடு, அதற்கு மேலே இருக்கும் கியாஞ்சின் ரி மேட்டிலும் ஏறி இறங்கினோம். "ரெண்டுல எதுக்குப் போகலாம்?" என்று கேட்கும் எல்லோருக்கும் நான் சொல்வது லாங்டாங். அதற்குச் சின்னச் சின்னக் காரணங்கள் நிறைய உண்டு. பெரிய காரணம் ஒன்றுதான்: உடம்பை எத்தனை இரவில் எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகிறோம் என்கிற கணக்கு.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். லாங்டாங்குக்கு மார்ச் முதல் மே வரை நல்ல காலம். பிறகு அக்டோபர், நவம்பர். இடையில் மழை, அட்டை, மண்சரிவு. மார்க்கா மழை மறைவுப் பகுதி. ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை நடக்கலாம். ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம், மார்க்காதான். நேபாளத்துக்கு இந்தியர்கள் விசா வாங்கத் தேவையில்லை. லாங்டாங் தேசியப் பூங்காவுக்கு சார்க் (தெற்காசிய) நாட்டவரிடம் 1,500 நேபாள ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் 1.60 என்பது நிலையான மாற்று விகிதம், ஆக ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். வெளிநாட்டவர் உரிமம் பெற்ற கைடு வைத்துக்கொண்டுதான் ட்ரெக் போக வேண்டும் என்று 2023 ஏப்ரலில் அங்கே விதி வந்தது. விதி இல்லாவிட்டாலும் இரண்டு இடத்திலும் நான் கைடு இல்லாமல் போக மாட்டேன். ஏன் என்பது கீழே வருகிறது.

இப்போது அந்தக் கணக்கு. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் நோயைத் தவிர்க்க மருத்துவர்கள் சொல்லும் பொதுவான விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின், ஒவ்வொரு இரவும் தூங்கும் இடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு எடுக்க வேண்டும். பகலில் அதைவிட மேலே ஏறி இறங்கலாம், தலை சாய்க்கும் இடம்தான் முக்கியம்.

மார்க்காவுக்குச் சென்னையிலிருந்து போகிறவர் டெல்லி போய் லே விமானத்தைப் பிடிக்கிறார். காலையில் டெல்லியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டரில் இறக்கிவிடுகிறார்கள். கடல்மட்டத்தில் மூச்சுக்கு மூச்சு கிடைத்த ஆக்ஸிஜனில் அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். உடம்புக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நடையின் முதல் அடியை வைக்கும் முன்பே மேலே சொன்ன விதியை உடைத்தாகிவிட்டது. லேயில் இரண்டு முழு நாளாவது சும்மா கிடப்பதுதான் இதற்குப் பரிகாரம். மூன்று நாள் என்றால் இன்னும் நல்லது.

அதன்பின் பாதை நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது. ஸ்கியூ சுமார் 3,400 மீட்டர், மார்க்கா கிராமம் 3,700க்குச் சற்று மேல், ஹாங்கர் நாலாயிரத்தை ஒட்டி. சிக்கல் அதற்கு அடுத்த நாள். ஹாங்கரிலிருந்து நிமாலிங் புல்வெளி. அது சுமார் 4,750 மீட்டர். ஒரே நாளில் 750 மீட்டர் கூடுதல் உயரத்தில் போய்ப் படுக்க வேண்டும். அதற்கும் மறுநாள் காலை கோங்மாரு லா கணவாய், 5,200 மீட்டருக்கு மேல். நடுவே சுமார் 4,200 மீட்டரில் தாசுங்ட்சே என்று கூடாரம் போட ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கினால் அந்த 750 இரண்டாகப் பிரிந்துவிடும். பல குழுக்கள் தங்குவதில்லை. ஒரு நாள் கூடினால் செலவும் கூடும் என்பதுதான் காரணம்.

எங்கள் குழுவும் தங்குவதாக இல்லை. நாங்கள் பதிவு செய்த நிறுவனத்தின் அட்டவணையில் லேயில் ஓய்வு ஒரே ஒரு நாள். பதிவு செய்தபோது அது எனக்கு உறைக்கவில்லை. "குறைந்த நாள், குறைந்த செலவு" என்பதுதான் கண்ணில் பட்டது. ஹாங்கரில் அன்று மாலை இவருக்குத் தலைவலி. மாத்திரை போட்டும் இறங்கவில்லை. ராத்திரி சாப்பாட்டை ஒதுக்கினார். எங்கள் கைடு லே பக்கத்துப் பையன், இருபத்துமூன்று வயது இருக்கும். இவரை முற்றத்தில் ஒரு கோடு போட்டாற்போல, குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டிவைத்து நடக்கச் சொன்னான். நாலு அடி சரியாக வைத்தார். ஐந்தாவதில் தள்ளாடினார். அவன் என்னைப் பார்த்து, "ஆச்சே லே, நாளைக்கு மேலே வேண்டாம், கீழே போவோம்" என்றான். ஆச்சே லே என்றால் அக்கா. லடாக்கில் மரியாதை சேர்க்க ஒரு 'லே' போடுவார்கள்.

விடியும்வரை நான் தூங்கவில்லை. இருட்டிலேயே இறங்கத் தொடங்கினோம். மதியத்துக்குள் முகம் தெளிந்துவிட்டது. அந்தப் பையன் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அவனுக்குக் கொடுத்த அட்டவணைதான் தவறு. ஒரு நாள் கூடுதலாகக் கையில் இருந்திருந்தால் ஹாங்கருக்கு வருமுன்பே உடம்பு பழகியிருக்கும் என்றே நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. உயரம் யாரை எப்போது பிடிக்கும் என்பதை வயதோ உடல்வலுவோ வைத்துக் கணிக்க முடிவதில்லை. எங்கள் குழுவில் அறுபதைத் தாண்டியவர் ஒருவர் கணவாய் வரை சுகமாகப் போய்வந்தார்.

லாங்டாங் வேறு மாதிரி. காத்மாண்டுவே 1,400 மீட்டர்தான். அங்கிருந்து ஜீப்பில் ஒரு முழுப் பகல், குண்டும் குழியுமான மலைச்சாலை, கடைசியில் ஷ்யாப்ருபேசி. அதுவும் காத்மாண்டு உயரமேதான். ஏற்காட்டின் உயரத்தில் நடையைத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மூங்கிலும் ஓக் மரமும் அடர்ந்த காட்டுக்குள், லாங்டாங் கோலா ஆற்றின் இரைச்சல் காதை விட்டுப் போகாமல், லாமா ஹோட்டல் என்ற இடம் வரை. பெயர்தான் ஹோட்டல், நாலைந்து விடுதிகள் கொண்ட ஒரு சின்னக் குடியிருப்பு. சுமார் 2,400 மீட்டர். உயரம் என்ற நினைப்பே வராது, கால்தான் வலிக்கும்.

இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. லாமா ஹோட்டலிலிருந்து லாங்டாங் கிராமம் (3,430 மீட்டர்) ஒரே நாள் நடை என்றுதான் எல்லா அட்டவணையிலும் போட்டிருக்கும். ஆயிரம் மீட்டர் ஏற்றம். நாங்கள் ஏற்கனவே சூடுபட்டவர்கள் என்பதால், காத்மாண்டுவிலேயே கைடிடம் இதைப் பேசிவிட்டோம். அவர் தமாங் இனத்தவர், நாற்பது வயது. "தீதி, கோடா தபேலாவில் ஒரு ராத்திரி படுத்துவிடுவோம். யாரும் நம்மைத் துரத்தவில்லை" என்றார். கோடா தபேலா மூவாயிரம் மீட்டரில், காடு முடிந்து பள்ளத்தாக்கு விரியத் தொடங்கும் இடம். பகல் பதினொன்றரைக்கே அங்கே சேர்ந்துவிட்டோம். மற்ற குழுக்கள் எங்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் கொதிக்கும் இஞ்சி எலுமிச்சைத் தண்ணீரை ஒரு பெரிய பிளாஸ்கில் கொண்டுவந்து வைத்து, "பிஸ்தாரே, பிஸ்தாரே" என்றார். மெதுவாக, மெதுவாக. அந்தப் பயணம் முழுக்க அவர் வாயில் அதிகம் வந்த சொல் அதுதான்.

மறுநாள் லாங்டாங் கிராமம், அதற்கடுத்த நாள் மூன்று மணி நேர நடையில் கியாஞ்சின் கோம்பா, 3,870 மீட்டர். அங்கே மூன்று இரவு ஒரே கட்டிலில். பகலில் மேலே ஏறுவோம், இரவில் கீழே வந்து படுப்போம். தினமும் காலையில் கைடு எங்கள் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தார். முதல் நாள் இவருக்கு 84 காட்டியது, மூன்றாம் நாள் 89. ஹாங்கரில் தள்ளாடிய அதே மனிதர் கியாஞ்சின் ரி ஏறினார். எங்களுக்கு நேர் எதிரே லாங்டாங் லிருங், 7,234 மீட்டர், பனியாறு தொங்க நின்றது. எல்லோரும் சொல்லும் செர்கோ ரி ஐயாயிரத்தைத் தொடும் மேடு. அதற்கு நாங்கள் போகவில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிப் பத்து மணி நேரம் ஆகும் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

பாதையின் அமைப்பிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. மார்க்கா ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் பாதை. சில்லிங் பக்கம் தொடங்கி, கணவாயைக் கடந்து, ஷாங் சும்தோவில் காத்திருக்கும் வண்டியில் ஏற வேண்டும். மிக உயரமான இரவும் மிக உயரமான இடமும் கடைசியில் வருகின்றன. நடுவில் ஒரு நாளைத் தவறவிட்டால் வண்டி, கோவேறு கழுதைக்காரர், லே விமானம் எல்லாம் குலையும். அதனால் "எப்படியாவது கணவாயைத் தாண்டிவிடலாம்" என்கிற ஆசை எல்லோரையும் தள்ளும். லாங்டாங்கில் போன வழியே திரும்புகிறோம். எந்த இடத்தில் உடம்பு முடியவில்லை என்று சொன்னாலும் திரும்பி நின்றால் இறக்கம்தான். ஒரு நாள் கூட்டலாம், குறைக்கலாம், யாருடைய ஏற்பாடும் கெடாது. போன வழியே திரும்புவது அலுப்பு என்று பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏறும்போது குனிந்த தலையோடு மண்ணைப் பார்த்தே நடந்த காட்டில், இறங்கும்போதுதான் மரக்கிளையில் சாம்பல் லங்கூர்க் கூட்டம் இருந்ததைப் பார்த்தேன்.

லாங்டாங் கிராமத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 ஏப்ரல் 25ஆம் தேதி நிலநடுக்கத்தில் மேலிருந்து பனியும் பாறையும் சரிந்து ஊரையே மூடியது. ஊர்க்காரர்களும் ட்ரெக் வந்தவர்களுமாக முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதில் போனார்கள். இன்றைய பாதை அந்தச் சரிவின் மேலேதான் போகிறது. சாம்பல் நிறக் கற்குவியலின் மேல் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும். ஒரு பெரிய பாறையின் அடியில் ஒண்டியிருந்ததால் தப்பிய ஒரே வீடு இன்னும் ஓரமாக நிற்கிறது. புதிய ஊரைச் சற்று மேலே கட்டியிருக்கிறார்கள். இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவிடத்தின் முன் எங்கள் கைடு தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அங்கே ஒரு அறைக்கும் ஒரு தட்டு சாப்பாட்டுக்கும் நாம் கொடுக்கும் பணம் அந்த ஊரைத் திரும்பக் கட்டியவர்கள் கையில் நேராகச் சேர்கிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

மார்க்காவுக்கு என் மனதில் முதலிடம் கிடைக்கும் விஷயமும் உண்டு: வீடு. லாங்டாங்கில் தங்குவது விடுதி. பலகைச் சுவர் அறை, நடுக்கூடத்தில் மட்டும் அடுப்பு, உயரம் கூடக் கூட ஏறும் விலைப்பட்டியல். பருப்பும் சோறும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். வயிறு நிறையும், ஆனால் வீட்டுக்காரரோடு ஒட்டு வராது. மார்க்காவில் குடும்பங்களோடு தங்குகிறோம். ஸ்கியூவில் எங்களைத் தங்கவைத்த ஆமா லே (அம்மா), பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாக அடுக்கிய சமையலறையில் எங்களை உட்காரவைத்து, மாவைக் கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரலால் அழுத்திக் குழம்பில் போட்டார். லடாக்கில் ஸ்க்யூ என்று சொல்லும் உணவு அது. நானும் இரண்டு கிள்ளிப் போட்டேன், கனமாகிவிட்டது என்று எடுத்துத் திருத்தினார். வெளியே பார்லி வயல், பட்டாணி, அதற்கு மேல் புல் முளைக்காத செம்மலை. அந்த வறண்ட மலைகளின் நிறத்துக்கு லாங்டாங்கில் ஈடு கிடையாது. ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் நடக்கிறோம் என்பதால் நீல ஆடுகளையும் பார்க்கலாம். பனிச்சிறுத்தையின் வீடும் அதுதான். கோடையில் கண்ணில் படும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

மார்க்கா போவதானால் இரண்டு எச்சரிக்கை. மார்க்கா ஆற்றில் பாலம் இல்லாத இடங்களில் இறங்கித்தான் கடக்க வேண்டும். வெயிலில் மேலே பனி உருகுவதால் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும். காலையிலேயே கடக்கச் சொல்லும் கைடின் பேச்சைத் தட்டாதீர்கள். இரண்டாவது, வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டும் பள்ளத்தாக்குக்குள் போனால் பெரும்பாலும் செத்துவிடும். உடம்பு முடியாமல் போனால் தகவல் சொல்ல ஆளைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். சாலை ஸ்கியூவைத் தொட்டு உள்ளே முன்னேறிக்கொண்டிருப்பதால் இந்த நிலைமை ஆண்டுக்கு ஆண்டு மாறும். நான் பார்த்தது நான் போனபோது இருந்த நிலைமை. ஹாங்கருக்கு மேலே நான் நடக்கவில்லை, அதனால் நிமாலிங்கையும் கணவாயையும் பற்றி இங்கே எழுதியது குழுவோடு மேலே போனவர்களிடம் கேட்டது.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை இரண்டு இடத்துக்குமே பேசப்படும். உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது மெதுவாக ஏறுவதற்கு மாற்று ஆகாது.

கைடையோ நிறுவனத்தையோ பேசி முடிக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஒரு நாள் எங்கேயாவது கூடுதலாகத் தங்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்?" லாங்டாங் கைடு இதற்கு, "தங்குவோம், அந்த நாள் கூலி மட்டும் தாருங்கள்" என்றார். மார்க்காவுக்குப் போகும் முன் இதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

வரும் ஜூலையில் மார்க்காவுக்கே மறுபடி போகிறோம். லேயில் மூன்று நாள் ஓய்வு, ஹாங்கரில் இரண்டு இரவு, தாசுங்ட்சேயில் ஓர் இரவு. குழு கிடையாது. நாங்கள் இருவரும், அதே பையனும். அவன் எண்ணை இவர்தான் பத்திரமாக வைத்திருந்தார்.