விசாகப்பட்டினமா, கன்னியாகுமரியா?

சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் கடலையும் மலையையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு இவ்விரண்டும் ஏற்றவை. எழும்பூரில் மாலையில் ஏறினால் காலையில் கன்னியாகுமரியில் இறங்கலாம். 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையைப் பார்த்த கையோடு, மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் திற்பரப்பு அருவிக்கும் அன்றைக்கே போய்வரலாம். கடல் கொந்தளித்தால் மட்டும் படகு நின்றுவிடும். சென்ற முறை வரிசையில் நின்றபின் நாங்கள் திரும்ப நேர்ந்தது.

விசாகப்பட்டினத்திலிருந்து மலைவாசத்தலம் அவ்வளவு அருகில் இல்லை. அரக்குப் பள்ளத்தாக்கு சுமார் 115 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் அந்தத் தொலைவே அங்கு பெரும் விருந்து. காலை ரயில் 50-க்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகளுக்குள் நுழைந்து நுழைந்து மேலேறுகையில், ஒவ்வோர் இருட்டிலும் பெட்டியிலுள்ள பிள்ளைகள் ஒருசேரக் கூச்சலிட, வெளிச்சம் வந்ததும் சன்னலோரம் பச்சைப் பள்ளம் விரியும். வழியில் போரா சுண்ணாம்புக் குகைகள். மேலே காப்பித் தோட்டங்களும், மூங்கில் குழாயில் அடைத்துத் தணலில் வேகவைத்த கோழியும். (குழாயைப் பிளந்ததும் எழும் ஆவிக்காகவே இன்னொரு முறை போகலாம்.) நகருக்குத் திரும்பினால், கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் குனிந்து நடக்கலாம்.

முதியோருடன் இரண்டே நாள் என்றால் குமரி. மூன்று நாள் விடுப்பு கிடைத்தால், நான் அரக்குக்கே சீட்டு எடுப்பேன்.