ஏரிச் சாலையில் மாலைச் சிற்றுண்டி: பிரெட் ஆம்லெட்டா, நூடுல்ஸா?

சர்க்கரை நோய் உள்ளவர் கொடைக்கானலுக்கு வந்தால் கடைகளைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. ஏரிக்கரைக் குளிரில் இரண்டு கடைகள் அழைக்கும்: ஒன்றில் பிரெட் ஆம்லெட், மற்றொன்றில் ஆவி பறக்கும் நூடுல்ஸ். இரண்டிலும் மைதா இருக்கிறது. வேறுபாடு அளவிலும் கூடச் சேர்வதிலும்தான்.

70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் மாவுச்சத்து மட்டும் 40 கிராமுக்கு மேல். நாலு துண்டு காரட்டைத் தூவினாலும் இந்தக் கணக்கு மாறாது. உப்பும் அதிகம்; இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மசாலாவைப் பாதியாகப் போடச் சொல்லலாம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இரண்டு துண்டு பிரெட்டில் 25 முதல் 30 கிராம் மாவுச்சத்து. இரண்டு முட்டைகள் சுமார் 12 கிராம் புரதம் தருகின்றன; அந்தப் புரதம் சர்க்கரை ஏறும் வேகத்தைச் சற்று மட்டுப்படுத்தும். வெங்காயமும் பச்சை மிளகாயும் கலந்த முட்டையைக் கல்லில் ஊற்றி, மேலே பிரெட்டை அழுத்தித் திருப்பிப் போடுவார்கள். முறுகிய அந்த ஓரத்துக்காகவே என் ஓட்டு இதற்கு. ஒரு துண்டு பிரெட் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நூடுல்ஸ்தான் வேண்டுமா? ஒரு தட்டை இருவர் பகிரலாம், முட்டையும் சேர்க்கலாம். எதுவானாலும் டீ சர்க்கரையில்லாமல்.

பிறகு சுமார் 5 கிலோமீட்டர் ஏரிச் சுற்றில் கொஞ்சமாவது நடக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். நடையில் சர்க்கரை தாழ்வதும் உண்டு.